விசயையின் மயிலும் சீதையின் விமானமும்

வானிற் செல்லும் ஊர்தியை மனிதர் கையாற் செய்து பறக்கவிட்டது 1903 ஆம் ஆண்டில். நம் புலவர் சொல்லாற் செய்து பறக்கவிட்டதோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர். சீவக சிந்தாமணியில் ஒரு மயிற்பொறி பறக்கின்றது. கம்பராமாயணத்தில் ஒரு புட்பக விமானம் பறக்கின்றது. இவ்விரு காப்பியங்களையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். ஆயினும் அவ்விரண்டு பறத்தல்களுக்கும் உள்ள வேற்றுமை என் நெஞ்சில் உறைத்தது ஏடு விரித்திருந்த வேளையில் அன்று. பூமியின் தென்கோடியில், நியூசிலாந்து நாட்டு மலைகளின்மேல், ஓர் உலங்குவானூர்தியின் கண்ணாடிக்குப் பின்னே கைகளை இறுகப் பொத்திக்கொண்டு நான் இருந்த வேளையில் உறைத்தது.

இரணைமடுவில் வாழும் தமிழாசிரியன் ஒருவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தமக்கையின் மகன் அந்நாட்டிற் குடியேறிப் பல்லாண்டுகள் ஆகின்றன. "மாமா, ஒருக்கா வந்து எங்களோடை நில்லுங்கோ" என்று அழைத்தான். போனேன். போன இடத்தில், மலை பார்க்க வானூர்தியில் ஏற்றுவதாகச் சொன்னான். மறுக்கவும் முடியவில்லை, மனமும் இசையவில்லை. ஏன் இசையவில்லை என்பதைச் சொல்வதற்கு முதலில் அந்த ஊர்தியின் பெயரைச் சற்றே ஆராய்தல் வேண்டும்.

சொல்லும் ஓசையும்

ஹெலிகொப்டர் என்னும் சொல் கிரேக்க மொழிச் சொற்கள் இரண்டைச் சேர்த்து ஆக்கப்பட்டது. திருகுபோற் சுருண்டது என்னும் பொருளுடையது ஒன்று. சிறகு என்னும் பொருளுடையது மற்றொன்று. திருகுசிறகு என்று நாம் அதனை மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஈழநாட்டுத் தமிழ் வழக்கோ அதனை உலங்குவானூர்தி என்கின்றது. உலங்கு என்பது பெருங்கொசுகு. மற்றை விமானங்கள் நெடுந்தூரம் ஓடிப் பின்னரே எழுவன. இதுவோ நின்ற நிலையிலே மேலெழும்; அந்தரத்தில் ஓரிடத்திலே நின்று இரையும்; வேண்டிய இடத்தில் இறங்கும். கொசுகின் செய்கையும் இதுவேயன்றோ? இப்பெயரை இட்டவர் பொருத்தம் உணர்ந்தே இட்டனர்.

வன்னிப் பிள்ளைகளுக்கு இப்பொருத்தத்தை விளக்க நிகண்டு வேண்டியதில்லை. அவர்கள் சொல்லை அறியுமுன் ஓசையை அறிந்தவர்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. மரநிழலிலே வகுப்பு. பக்கத்திலே மரக்குற்றிகளும் மண்மூட்டைகளும் அடுக்கிய பதுங்குகுழி. ஒருநாள் சிந்தாமணியில் நாமகள் இலம்பகம் நடந்துகொண்டிருந்தது. சச்சந்தன் தன் தேவியாகிய விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பும் இடம். பொறி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அதன் பொருள் சொல்லத் திரும்பினேன். வகுப்பில் ஒருவரும் இல்லை. என் காதில் விழுமுன்னரே பிள்ளைகளின் காதில் அவ்வோசை விழுந்துவிட்டது. நானும் ஓடிப்போய்க் குழியுள் இறங்கினேன். அரைமணி நேரத்தின்பின் எல்லாரும் மேலேறி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அப்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, விசயை மேலை ஏறித் தப்பினவ, நாங்கள் கீழை இறங்கித் தப்பிறம்" என்றாள். வகுப்புச் சிரித்தது. நானுஞ் சிரித்தேன். அச்சிரிப்பை இன்று நினைத்தாலும் தொண்டை அடைக்கின்றது.

ஆதலால், குவீன்ஸ்டவுன் என்னும் ஊரின் திடலிலே அந்தத் திருகுசிறகு சுழலத் தொடங்கியதும் என் முழங்கால்கள் தாமாகவே மடங்கின. "மாமா, இவ்வளவு குனியத் தேவையில்லை" என்று மருமகன் சிரித்தபடி என் தோளைத் தொட்டான். பின்பு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அவனும் சிறு வயதில் வன்னியில் இருந்தவன்.

பனி அகழ்ந்த கழி

ஊர்தி எழுந்தது. ஏரியொன்றைக் கடந்து மேற்கே திரும்பி மலைகளுக்கிடையே புகுந்தது. பியோர்ட்லாந்து என்று அந்நிலப்பகுதிக்குப் பெயர். 1952 இல் அதனைத் தேசியப் பூங்காவாக ஆக்கினர். அதன் பரப்புப் பன்னிரண்டு இலட்சம் ஹெக்டேயருக்கு மேல்; நம் இலங்கைத் தீவின் ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். 1990 இல் அது அயலிலுள்ள காடுமலைகளுடன் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அத்துணைப் பெரு நிலத்தில் ஊர்கள் அரியன. சாலைகள் மிகச் சில. ஆதலின் அதன் உள்ளகத்தைக் காண விரும்புவோர் பல நாள் நடத்தல் வேண்டும். அன்றேல் பறத்தல் வேண்டும்.

பனியூழிக் காலத்தில் அம்மலைகளை மூடியிருந்த பனியாறுகள் இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல நகர்ந்து பாறையை அரைத்தன. அங்ஙனம் அகழப்பட்ட பள்ளத்தாக்குகளிற் பின்னர்க் கடல் புகுந்தது. செங்குத்தான மலைச்சுவர்களுக்கு நடுவே கடல்நீர் பல மைல் உள்ளே வந்து அசைவற்றுக் கிடக்கும் அவ்விடங்களை நுழைகழி என்பர். அவற்றுள் மிகப் புகழ் பெற்றது மில்போர்ட் சவுண்ட். சவுண்ட் என்பது ஆறு அறுத்த பள்ளத்தாக்கிற் கடல் புகுந்த இடத்துக்கு வழங்கும் பெயர். இதுவோ பனி அறுத்தது. ஆகவே பெயரே பிழை. ஆயினும் மாலுமிகள் இட்ட பிழைப்பெயர் நிலைத்துவிட்டது. மவோரி மக்கள் அதனைப் பியோபியோதாஹி என்பர். தனித்த பியோபியோப் பறவை என்பது பொருள். அவர்களுடைய தொல்கதைத் தலைவன் மாவுயி இறந்தபோது, அத்துயர் தாங்காது ஒரு பியோபியோ அவ்விடத்துக்குப் பறந்து சென்றதாம். இன்று அப்பறவையினமே உலகில் இல்லை. பெயர் மாத்திரம் எஞ்சி நிற்கின்றது.

மேலிருந்து கண்ட காட்சியைச் சொல்வேன். மலைமுடிகளிற் பனி வெண்ணீறு பூசினாற்போற் கிடந்தது. மலைகளின் மடியிற் சிறு ஏரிகள்; அவற்றுள் ஒன்றன் விளிம்பு வழியே நீர் தளும்பி 580 மீற்றர் ஆழத்துக்குப் படிபடியாக வீழ்கின்றது. சதர்லாந்து அருவி என்று அதற்குப் பெயர். அடுத்த கணம் நிலம் முடிந்து போயிற்று. ஆயிரத்து அறுநூறு மீற்றருக்கு மேல் உயர்ந்த மைற்றர் சிகரம் கடலுள்ளிருந்தே நேரே எழுந்து நின்றது. கீழே நீர் கருமையாய் இருந்தது. அக்கருமைக்குங் காரணம் உண்டு. ஆண்டுதோறும் அங்கே பெய்யும் மழை ஆறாயிரம் மில்லிமீற்றருக்கு மேல். அம்மழை காட்டுச் சருகின் சாயத்தைக் கழுவிக் கொணர்ந்து கடல்நீரின்மேல் நன்னீர்ப் படலமாகப் பரப்புகின்றது. தேநீர் நிறமான அப்படலம் ஒளியைத் தடுத்தலால், ஆழ்கடலிருளில் வளரும் கரும்பவளம் அங்கே மேல்நீரிலேயே வளர்கின்றதாம்.

காட்சி பெரிது. ஆனால் என் அச்சத்தைத் தணித்தது காட்சியன்று. ஊர்தியைச் செலுத்திய இளம்பெண் எம் காதிற் பொருத்திய கருவியின் வழியே ஓயாது பேசிக்கொண்டு வந்தாள். இம்மலையின் பெயர் இது. இவ்வேரியின் பெயர் இது. இக்கணவாயை நடந்து கடந்தவர்கள் இன்னார். அவ்வருவியில் ஏறியவர் இன்னார். என்று பெயர்களாகவே பேசினாள். பெயர் சொல்லச் சொல்ல, முதலில் வெறும் பாறையாகத் தோன்றிய நிலம் மெல்ல மனிதர் வாழும் உலகாயிற்று. என் கைகள் எப்போது நெகிழ்ந்தன என்பதை நான் அறியேன்.

ஒரே பொறி, பல தொழில்

பனிவெளி ஒன்றில் இறங்கினோம். அங்கே அப்பெண் சொன்ன செய்தி ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது. ஐரோப்பியர் வேட்டைக்கென அந்நாட்டிற் கொணர்ந்துவிட்ட செம்மான்கள் அளவிறந்து பெருகி மலைக்காடுகளைத் தின்றழித்தன. 1960 களில் வேட்டைக்காரர் உலங்குவானூர்தியில் இருந்தபடியே அவற்றைச் சுட்டு வீழ்த்தி, உடல்களைக் கயிற்றிற் கட்டித் தூக்கிச் சென்று விற்றனர். பின்னர், சுடுவதிலும் உயிரோடு பிடிப்பதே ஊதியம் என்று கண்டு வலை வீசிப் பிடித்தனர். அவற்றைப் பண்ணைகளில் வளர்த்தனர். அம்மலைகளில் வானூர்தி செலுத்தும் வித்தை வளர்ந்தது அவ்வேட்டையிலேதான். இன்று காட்சி காண வருவோரை ஏற்றி இறக்குவதும் அவ்வித்தையே.

பொறிக்கு நெஞ்சம் இல்லை. 1939 இல் சிகோர்ஸ்கி என்பவர் அமெரிக்காவிற் செம்மையான உலங்குவானூர்தியைப் பறக்கவிட்டார். 1950 இல் மூண்ட கொரியப் போரில் அவ்வின ஊர்திகள் புண்பட்டோரைத் தூக்கிச் சென்று உயிர் காத்தன. அதன் பின்வந்த போர்களில் அவற்றிற் சுடுகருவிகளும் ஏறின. நம் நாட்டிலும், 1972 இல் விமானப்படையின் ஹெலிடுவர்ஸ் என்னும் பிரிவு வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றி இலங்கையின் எழிலை மேலிருந்து காட்டத் தொடங்கியது. எண்பதுகளிற் போர் மூண்டதும் அச்சேவை ஓய்ந்தது. 2009 இன் பின்னர் மீண்டும் தொடங்கிற்று. 2025 நவம்பரில் தித்வா புயல் நாட்டை அலைத்தபோது, வெள்ளத்தாற் சூழப்பட்டுக் கூரைமேல் நின்றோரைத் தூக்கி எடுத்தனவும் உலங்குவானூர்திகளே. ஓசை ஒன்றுதான். அதனைக் கேட்டுக் குழியுள் இறங்குவோரும் உளர். கூரைமேல் ஏறிக் கையசைப்போரும் உளர்.

பியோர்ட்லாந்து மலைகளில் நடப்போர், வானூர்திகளின் இரைச்சல் தமது அமைதியைக் குலைக்கின்றதென்று முறையிடுவதுண்டு. பூங்காவுள் இறங்குவதற்கும் அனுமதி பெறல் வேண்டும். இதனைக் கேட்டபோது முதலில் எனக்கு வியப்பாயிருந்தது, பின்பு பொறாமையாயிருந்தது. அவ்வோசையின்மேல் மனிதர்க்கு உள்ள குறை அமைதிக்குலைவு ஒன்றே என்னும் நாடு எவ்வளவு பேறு பெற்றது!

இரண்டு பறத்தல்கள்

இனிக் காப்பியங்களுக்கு வருவோம்.

சிந்தாமணியின் மயிற்பொறி வலப்புறந் திருகினால் மேலெழும். இடப்புறந் திருகினால் நிலத்தில் இறங்கும். திருத்தக்கதேவர் கற்பித்த பொறியும் ஒரு திருகுபொறியே என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆனால் அதில் ஏறியவளுக்கு மகிழ்ச்சி ஏது? கட்டியங்காரனுடைய படை அரண்மனையைச் சூழ்ந்துவிட்டது. கணவன் போர்க்களம் புகுகின்றான். நிறைசூலியாகிய விசயை தனியே வான்வழிச் செல்கின்றாள். பகைவனின் வெற்றிமுரசு கேட்டதும் அறிவு சோர்கின்றாள். பொறி இறங்கிய இடம் சுடுகாடு. அங்கேயே சீவகனைப் பெறுகின்றாள். தான் பறந்துவந்த வழியில் எந்த மலையை, எந்த ஆற்றை அவள் பார்த்தாள்? ஒன்றையும் பார்த்திராள். ஊரை இழந்து ஓடுவோர்க்குக் காட்சி இல்லை.

புட்பக விமானத்திற் சீதை செல்வது வேறு வகை. போர் முடிந்தது, சிறை நீங்கியது, ஊர் திரும்புகின்றாள். இராமன் பக்கத்திலிருந்து ஒவ்வோரிடமாகச் சுட்டிக் காட்டி வருகின்றான். காளிதாசர் தம் இரகுவமிசத்தின் பதின்மூன்றாஞ் சருக்கத்தை இப்பறத்தலுக்கே ஒதுக்கினார். அவ்விரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரி நம் நல்லூரார் என்பதை யாவரும் அறிவர். காளிதாசரின் இராமன் வெறும் எழிலை மாத்திரம் காட்டுகின்றானல்லன். சீதையைத் தேடி அலைந்தபோது அவளுடைய காற்சிலம்பு ஒன்று கிடக்கக் கண்ட இடத்தையும் காட்டுகின்றான். தான் அழுத இடங்களையும் காட்டுகின்றான். துன்பம் நிகழ்ந்த நிலம், துன்பம் நீங்கியபின், மேலிருந்து பார்க்கையில் ஆறுதல் தருகின்ற காட்சியாகின்றது. ஆனால் ஒன்று: அதற்குத் துன்பம் நீங்கியிருத்தல் வேண்டும், ஊர் திரும்பும் வழி திறந்திருத்தல் வேண்டும், இடங்களின் பெயரை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருத்தல் வேண்டும்.

உயரத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அது மனிதரைப் புள்ளியாக்கும். மேலே செல்லச் செல்ல வீடு புள்ளியாகும். மனிதன் புள்ளியினும் சிறியவன் ஆவான். மேலிருப்பவன் கீழுள்ளவற்றின் பெயரை அறியானாயின், அவனுக்குப் புள்ளியை அழித்தல் எளிது. பெயர் அறிந்தவனுக்கு அது அரிது. இராமன் சீதைக்குப் பெயர் சொல்லியதன் அருமையும், அந்த இளம்பெண் எனக்குப் பெயர் சொல்லியதன் அருமையும் இதுவே.

மேலிருந்து இரணைமடு

திரும்பும் வழியில் மருமகன் கேட்டான்: "மாமா, எங்கடை குளத்தை இப்பிடி மேலையிருந்து பார்த்தா எப்பிடி இருக்கும்?" கேட்டபின் தன் கைபேசியிற் செய்மதி எடுத்த படத்தை விரித்துக் காட்டினான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், இரணைமடுக் குளத்தை நான் அதன் கட்டிலிருந்தே பார்த்திருக்கின்றேன். முழு உருவத்தை அன்றுதான் கண்டேன்.

இரணை என்பது இரட்டை. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. இரண்டு மடுக்களை ஒன்றாக்கி அணை கட்டியமையால் இரணைமடு. வவுனியாப் பக்கத்தில் தோன்றி வடக்கே ஓடிச் சுண்டிக்குளக் களப்பிற் கலக்கும் கனகராயன் ஆற்றை மறித்து, 1902 இல் வேலை தொடங்கி 1920 ஆம் ஆண்டளவில் முடித்தனர். பின்னர்ப் பல முறை கட்டை உயர்த்தினர். இன்று அதன் கட்டு இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளம். அது தேக்கும் நீர் ஓர் இலட்சம் ஏக்கரடிக்கு மேல். அந்நீரை நம்பியே 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தோன்றிற்று. காணியற்றோர் வந்தனர், காடு வெட்டினர், வயலாக்கினர்.

படத்தில் அக்கட்டு ஒரு மெல்லிய கோடு. கோட்டுக்குத் தெற்கே நீர் ஆற்றின் பழைய வளைவுகளைப் பற்றிக்கொண்டு காட்டினுள் விரல் விரலாக நீண்டிருந்தது. வடக்கே வாய்க்கால்களும் வயல்களும். அப்பாலும் இப்பாலும் கண்ணாடித் துண்டுகளை இறைத்தாற்போல வேறு குளங்கள்: புதுமுறிப்பு, கல்மடு, அக்கராயன், வன்னேரி. அந்தோ, மலையே இல்லாத நாட்டிலும் மேலிருந்து பார்க்க இத்தனை இருந்தனவா! மில்போர்ட்டைப் பனி அகழ்ந்தது. இரணைமடுவை மண்வெட்டி அகழ்ந்தது. கோட்டின் ஒரு நுனியருகே, கனகாம்பிகை அம்மன் கோயில் இருக்கவேண்டிய இடத்தைத் தேடினேன். ஒரு புள்ளி தெரிந்தது. பெயர் எனக்குத் தெரிந்திருந்தமையால் அது எனக்குக் கோயிலாயிற்று.

மருமகன் வேறொரு புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தான். 2008 இல் அவர்கள் விட்டுப் புறப்பட்ட வீடு. அவ்விடத்தில் இப்போது வீடு இல்லை; மரங்களே உள. "இதுதான், மாமா, கிணறு இதிலைதான்" என்று விரலை வைத்தான். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. அவனுடைய பறத்தல் எவ்வகை என்று எனக்குத் தெரிந்தது. விசயை ஊர் திரும்பியது மகன் வளர்ந்து நாட்டை மீட்டபின். என் மருமகன் திரும்புவான் என்று நான் சொல்லத் துணியேன்.

ஊருக்கு வந்து சில வாரங்கள் சென்றன. ஒருநாட் காலை பத்தாம் வகுப்பிற் பாடம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடினர். பின்னர்தான் எனக்கு ஓசை கேட்டது. குளத்தின் பக்கமாக ஓர் உலங்குவானூர்தி போய்க்கொண்டிருந்தது. "உள்ளே வாருங்கள்!" என்னுஞ் சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. கையும் முன்னே நீண்டுவிட்டது. ஆனால் பிள்ளைகள் முற்றத்திலே நின்று, அண்ணாந்து பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தனர். அவர்கள் 2009 இன் பின்னர்ப் பிறந்தவர்கள். நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

ஓசை தேய்ந்தபின் ஒவ்வொருவராய் உள்ளே வந்தனர். ஒரு சிறுமி மாத்திரம் கதவடியில் நின்று கேட்டாள்: "ஐயா, அதிலையிருந்து பார்த்தா எங்கடை குளம் தெரியுமோ?"

"தெரியும்" என்றேன். சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் முதலிற் கட்டைக் கீறினேன். பின்னர் ஆற்றைக் கீறினேன். "இனி நீங்கள் ஒவ்வொருவராய் வந்து உங்கள் உங்கள் இடத்தைக் குறித்துப் பெயர் எழுதுங்கள்" என்று சுண்ணக்கட்டியை அவள் கையிற் கொடுத்தேன். அன்று இலக்கியப் பாடம் நடக்கவில்லை. மணி அடிக்கும்போது கரும்பலகையில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன.